இரண்டு தட்டு மௌனம்

தூத்துக்குடியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சைக்கிள் கடை இருந்தது, அதன் மாடியில் ஓர் அறை இருந்தது, அந்த அறையில் மூன்று பேர் ஏழு மாதமாகப் பாடகனே இல்லாமல் ராக் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டார் வாசித்தவள் ஜெனோவா, பக்கத்துப் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். டிரம்ஸ் வாசித்தவன் அவளோடு கல்லூரியில் படித்த மீரான். பேஸ் கிட்டார் வாசித்தவன் கூரியர் ஆபீசில் வேலை பார்த்த நயினார். பக்கத்தில் இருந்த மூன்றாம் ரயில்வே கேட் மூடி ரயில் போகும்போதெல்லாம் அறை முழுக்க நடுங்கியதாலும், அந்த நடுக்கத்தின் தாளத்திலேயே முதல் பாட்டு பிறந்ததாலும், குழுவுக்கு ‘மூணாம் கேட்’ என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய இசை சினிமாப் பாட்டு மாதிரியும் இல்லை, கோயில் பாட்டு மாதிரியும் இல்லை. ஒரு கல்யாண வரவேற்பில் இரண்டாவது பாட்டிலேயே நிறுத்தச் சொல்லி, பந்தியில் முதல் வரிசையில் உட்காரவைத்து, சாப்பிட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார்கள்.

பாட்டெல்லாம் ஜெனோவா எழுதியது. வரிகள் அவளுக்குத் தானாக வந்தன, மெட்டும் வந்தது, குரல் மட்டும் வரவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக்கூட எட்டாத குரல் அது. ஒருநாள் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போனவள், ஐஸ் கம்பெனியில் கட்டிகளை நொறுக்கும் மெஷின் போடுகிற இரைச்சலுக்கு மேலே, எத்தனை கட்டி எந்தப் படகுக்கு என்று ஒருவன் கத்துவதைக் கேட்டாள். எண்களைத்தான் கத்தினான், ஆனால் பதினேழு என்று அவன் சொன்னபோது பதினேழு என்பது ஏதோ துக்கமான விஷயம் போலிருந்தது. அவன் பெயர் தொம்மை. இருபத்து நான்கு வயது. கையில் இரும்புக் கொக்கியோடு வெளியே வந்தவனிடம், “பாட வாறியா?” என்று கேட்டாள்.

“எனக்குப் பாட்டுப் படிக்கத் தெரியாதே டீச்சர்” என்றான். அவள் டீச்சர் என்பது அவனுக்கு எப்படித் தெரிந்ததென்றால், அவள் கேட்ட விதத்தில்தான்.

அவனுக்காக அவள் எழுதிய முதல் பாட்டில் ஓர் இடம் நிரம்பவே இல்லை. கடல் முதுகைக் காட்டி நிற்கிற ஊரில் கதவைத் திறந்து வைத்தது யார் என்று ஒரு வரி வரும், பிறகு வந்துவிட்டேன் என்று ஒரு வரி வரும், இரண்டுக்கும் நடுவில் தாளத்தில் இரண்டு தட்டு அளவுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. அம்மா என்று போட்டுப் பார்த்தாள், அன்பே என்று போட்டுப் பார்த்தாள், நாற்பது சொற்களைப் போட்டு நாற்பதையும் அடித்துவிட்டுக் கடைசியில், “அங்க ஒண்ணும் பாடாத. வாயத் திறந்து மூச்சு மட்டும் வாங்கு” என்று தொம்மையிடம் சொல்லிவிட்டாள்.

அந்தப் பாட்டை அவள் வேலை பார்த்த பள்ளியின் ஆண்டு விழாவில்தான் முதன்முதலில் பாடினார்கள். அந்த இடம் வந்தது, மீரான் குச்சிகளைத் தூக்கி நிறுத்தினான், தொம்மை மூச்சு வாங்கினான். உடனே, பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த இருநூறு பெற்றோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்து, “ஆ?” என்றும் “என்ன?” என்றும் “இந்தா வாரேன்” என்றும் பதில் சொன்னார்கள். சமோசா விற்றுக்கொண்டிருந்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “யாரு கூப்பிட்டது?” என்றார். தலைமையாசிரியை சிஸ்டர், மடத்தில் சேருவதற்கு முன் வீட்டில் இருந்த ‘செல்லக்கிளி’ என்ற பெயரைக் கேட்டு எழுந்து நின்று, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒருமுறை வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஜனங்கள் பாட்டைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் ஜெனோவா நினைத்தாள். மேடைக்குப் பின்னால் மீரான் அவள் கையைப் பிடித்தான்.

“ஜெனோ, கேட்டியா? எங்க வாப்பா கூப்பிடுத மாதிரியே, ‘மீராங்கனி’ன்னு. மௌத்தாகி ஆறு வருஷமாச்சு. குச்சியக் கீழ விட்டிருப்பேன்.”

“எனக்கும்தாம்ல” என்றான் நயினார். “முழுப் பேரு. ஆறுமுகநயினார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு எவனும் கூப்பிட்டதில்ல. உனக்கு?”

“கேட்டுச்சு” என்றாள் ஜெனோவா. அவள் கேட்டது ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலை மட்டும்தான்.

தூத்துக்குடி இதை ஒரு வாரம் பேசியது, பிறகு பழகிக்கொண்டது. மூணாம் கேட் வாசித்தால் நடுவில் அவரவர் பெயர் கேட்கும் என்பது, ஐப்பசியில் மழை பெய்யும் என்பதைப் போல எல்லோருக்கும் தெரிந்த விஷயமாயிற்று. பெயர் வைக்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பிள்ளைகள் அந்த இடத்தில் சரியாகத் தலையைத் திருப்பின, ஆனால் கேட்ட பெயரைச் சொல்லத் தெரியாததால் பேச்சு வரும்வரை காத்திருப்பதென்று நான்கு குடும்பங்கள் முடிவு செய்தன. முப்பத்தொரு வருடம் ‘மூத்தவன் பொண்டாட்டி’ என்று மட்டுமே அழைக்கப்பட்ட ஒருத்தி, ‘அன்னப்பழம்’ என்று தன் பெயரைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், அதற்குப் பிறகு வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று நின்றுவிட்டாள். மூன்று நாள் சோறு இல்லாமல் கிடந்த மாமனார் நான்காம் நாள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எங்கிருந்தோ வந்து ராஜன் என்று சொல்லிக்கொண்டு லாரி செட்டில் வேலை பார்த்தவன், பாட்டு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறித் தன் ஊருக்குப் போனான். ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருப்பதாக மனு கொடுக்க வருகிறவர்களிடம், “முதல்ல பாட்டைக் கேட்டுட்டு வாங்க” என்று ஒரு குமாஸ்தா திருப்பி அனுப்பினார். கைபேசியில் பதிவு செய்தால் அந்த இடத்தில் வெறும் இரண்டு தட்டு மௌனம்தான் இருந்தது. சென்னையிலிருந்து வந்த கம்பெனிக்காரர்கள் மூன்று நாள் பதிவு செய்து பார்த்துவிட்டு, மைக்கைக் குறை சொல்லிக்கொண்டு போனார்கள். ஆகவே கேட்க வேண்டியவர்கள் நேரில் வந்துதான் ஆக வேண்டும் என்றாயிற்று, நேரில் வந்தவர்கள் தொம்மையைத்தான் பார்த்தார்கள்.

அவனுக்குப் பனங்கற்கண்டு கொண்டுவந்தார்கள், மிளகுப் பால் கொண்டுவந்தார்கள், நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்தார்கள். குழந்தைகளின் கையைப் பிடித்து அவன் தொண்டையைத் தொடவைத்தார்கள். போஸ்டரில் அவன் முகம் பெரிதாக இருந்தது. ஓரத்தில் ஒரு கிட்டாரின் கழுத்தும் ஒரு முழங்கையும் இருந்தன, அந்த முழங்கை ஜெனோவாவுடையது. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, அந்த இடத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, “மூச்சு வாங்குவேன், அவ்வளவுதான்” என்று தொம்மை சொன்னான். அடக்கத்தைப் பார் என்று பத்திரிகைக்காரர் எழுதினார். பாட்டை யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. அவன்தான் சொன்னான், “டீச்சர் எழுதினது” என்று. எந்த டீச்சர் என்றும் அவர் கேட்கவில்லை.

இதையெல்லாம் ஜெனோவா தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது அவள் அம்மா ரீத்தம்மாள் செய்ததுதான். ஒரு சாயங்காலம் பாட்டுக் கேட்க வந்த அம்மா, செத்துப்போன புருஷன் குரலில் ‘ரீத்து’ என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து பாறை மீன் குழம்பு வைத்தால் மீன் தலை தொம்மைக்கு என்று தூக்குச்சட்டியில் போயிற்று. முப்பது வருடமாக மீன் தலை ஜெனோவாவுக்குத்தான்.

“அவனுக்கு எதுக்கும்மா?”

“உங்க அப்பாவக் கொண்டாந்து காட்டுனாம்லா?”

“பாட்டு நான் எழுதுனது.”

“எழுதுன சரி. அந்த எடத்துல நீ ஒண்ணும் எழுதலைன்னுதான சொல்லுதாவ எல்லாரும்?”

அன்றிலிருந்து அது அவள் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்தது. காலையில் அவளோடு எழுந்தது, பள்ளிக்கூடத்துக்கு வந்தது, கரும்பலகையில் அவள் வட்டம் போடும்போது கையை லேசாக அசைத்தது, மேடையில் தொம்மை மைக்கைப் பிடித்ததும் எழுந்து நின்றது. ஒவ்வொரு முறையும் அந்த இடம் நெருங்கும்போது, இன்றைக்காவது, இன்றைக்காவது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஜனங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆம்ப்ளிஃபையர் இரைந்தது. ஊரில் உள்ள ஆடு மாடு வரைக்கும் பெயர் கேட்கிறது, தன்னை மட்டும் யாருமே கூப்பிடுவதில்லை என்ற நினைப்பு, அவன் வேண்டுமென்றே தன்னை விட்டுவிடுகிறான் என்ற நினைப்பாக மாறுவதற்கு அதிக நாள் ஆகவில்லை.

திருநெல்வேலியில் வாசித்தபோது, அந்த இரண்டு தட்டுக்குள் ஒரு கிட்டார்த் துணுக்கை வாசித்து அடைத்துவிட்டாள். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆயிரம் பேர் கையைத் தூக்கிக் காது மடலில் வைத்தபடியே நின்றதைப் பார்க்க அவளுக்குப் பயமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது. விரல் வழுக்கிவிட்டது என்று சொன்னாள். தொம்மை அவளை ஒரு முறை பார்த்தான்.

பிறகு கோவில்பட்டிப் பொருட்காட்சித் திடல் வந்தது. சனிக்கிழமை நிகழ்ச்சி. தொம்மையிடம் ஞாயிற்றுக்கிழமை என்று ஜெனோவா சொன்னாள். சனிக்கிழமை வேன் கிளம்பும்போது, அவனுக்குக் காய்ச்சல் என்று மற்ற இருவரிடமும் சொன்னாள். மீரான் கைபேசியை எடுத்தான். “தூங்குவான், எழுப்பாத” என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைபேசியை உள்ளே வைத்தான்.

திடலில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். ராட்டினம் நின்றது, அப்பளக் கடைக்காரர் அடுப்பைத் தணித்தார், ஜெனோவா மைக்குக்கு முன்னால் வந்து பாடினாள். குரல் சின்னதாகத்தான் இருந்தது, ஆனால் வரிகள் அவளுடையவை, அவற்றின் ஒவ்வொரு படியும் அவளுக்குத் தெரியும், ஜனங்களும் பொறுமையாக இருந்தார்கள். கதவைத் திறந்து வைத்தது யார் என்று பாடினாள். மீரான் குச்சியைத் தூக்கி நிறுத்தினான். அவள் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள்.

நாலாயிரம் பேருக்கும் பெயர் கேட்டது. நாலாயிரம் பேருக்கும் ஒரே பெயர் கேட்டது.

“தொம்மையா? யாரு தொம்மை?” என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். கணவன் மனைவியைப் பார்த்தான், மனைவி கணவனைச் சந்தேகமாகப் பார்த்தாள், தொம்மை, தொம்மை என்று திடல் முழுவதும் முணுமுணுப்புப் பரவி ராட்டினம் வரைக்கும் போயிற்று. ஜெனோவாவுக்கும் கேட்டது. அத்தனை மாதத்தில் அந்த இடத்தில் அவளுக்கு முதன்முதலாகக் கேட்டது அதுதான், அவளுடைய குரலிலேயே கேட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது போல. வந்துவிட்டேன் என்ற அடுத்த வரியை அவளால் பாட முடியவில்லை. கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மீரான் பின்னாலேயே வந்து வேன் படியில் நின்றான். “அவனுக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்ல, என்ன?” என்றான்.

“இல்ல.”

“சரி” என்றான். டிரம்ஸை எடுத்துவரத் திரும்பிப் போனான்.

கோவில்பட்டியும் இதைத் தன் வழியில் ஏற்றுக்கொண்டது. அந்த வாரம் பிறந்த மூன்று பிள்ளைகளுக்குத் தொம்மை என்று பெயர் வைத்தார்கள், அதில் ஒன்று பெண். தொம்மை என்பவர் எங்கிருந்தாலும் வந்து சேரவும், நாலாயிரம் பேர் தேடுகிறார்கள் என்று யாரோ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். இதெல்லாம் சிரிப்பாகப் போயிருக்கும், போஸ்டரில் இருந்த மீரானின் எண்ணுக்குச் சாத்தூரிலிருந்து வேலம்மாள் என்ற பெண் கூப்பிடாமல் இருந்திருந்தால். அவள் அப்பா சங்கரலிங்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு வருடமாக நினைவு தப்பித் தன் பெயரே தெரியாமல் இருந்தவர். பெயரையாவது கேட்கட்டும் என்று அவரை அவள் தோளில் சாய்த்துக்கொண்டு அந்தத் திடலுக்கு வந்திருந்தாள்.

“இப்ப ‘என் பேரு தொம்மை’ங்காரு” என்றாள் வேலம்மாள். “சங்கரலிங்கம்னு கூப்பிட்டா அது யாருன்னு கேக்காரு. முன்னால பேரு தெரியாமத்தான் இருந்தாரு. இப்ப வேற ஆளாவே ஆயிட்டாரு. இதுக்கா நான் இவ்வளவு தூரம் கூட்டியாந்தேன்?”

மீரான் கைபேசியை ஜெனோவாவின் காதில் வைத்து எல்லாவற்றையும் கேட்கவைத்தான். அவள் அழவில்லை. மறுநாள் காலை ஐஸ் கம்பெனிக்குப் போனாள்.

தொம்மை கொக்கியால் ஒரு கட்டியை இழுத்துக்கொண்டிருந்தான். சாக்குப் போட்ட தரையில் தண்ணீர் ஓடியது.

“உன்கிட்ட ஞாயிற்றுக்கிழமைன்னு பொய் சொன்னேன்” என்றாள்.

“தெரியும் டீச்சர். போஸ்டர் இங்க வார மீன் லாரியிலயே ஒட்டியிருந்துச்சு.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்த?”

அவன் கட்டியை நிறுத்தினான். “நீங்க பாடணும்னு ஆசப்படுதிய, பாடட்டும்னு விட்டேன். அப்படின்னு சொன்னா நல்லாருக்கும். நெசம் அது இல்ல. நீங்க பாடினா ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு மாதாட்ட மெழுகுவத்தி ஏத்தி வேண்டிக்கிட்டேன்.”

ஜெனோவா அவனையே பார்த்தாள்.

“நீங்க ஒரு பேப்பர எடுத்து உக்காந்தா பாட்டு வந்துருது. எனக்கு என்ன வருது? வாயத் தொறந்தா நீங்க எழுதினதுதான் வருது, நீங்க சொன்ன மாதிரிதான் வருது. வீட்டுக்குப் போயி ராத்திரி நானும் எழுதிப் பாப்பேன், பதினேழு, பதினெட்டுன்னுதான் வரும். உங்க பாட்டுல அந்த ரெண்டு தட்டு மட்டும்தான் என்னுது. அதையும் திருநெல்வேலில கிட்டார வச்சு மூடினிய. அன்னைக்கு உங்கள இந்தக் கொக்கியால அடிக்கணும்னு இருந்துச்சு டீச்சர்.”

“அடிச்சிருக்கலாம்ல.”

“வேலை போயிருமே.”

அவள் சிரித்தாள், அவன் சிரிக்கவில்லை. அவள் சாத்தூர்ப் பெரியவரைப் பற்றிச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் அவன் பாட வேண்டும் என்றாள். அவன் கேட்டுக்கொண்டே நின்றான், கட்டி அவன் காலடியில் கரைந்து பாதியாயிற்று. கடைசியில், “ஞாயிற்றுக்கிழமைன்னு சொல்லுதிய, நெசமாவே ஞாயிற்றுக்கிழமைதான?” என்று கேட்டான்.

நெசமாகவே ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் சாத்தூருக்குப் போனார்கள். சின்ன வீடு. பெரியவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வேலம்மாள் தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை. ஜெனோவா கிட்டாரைச் சுருதி சேர்த்துவிட்டு, “தொம்மை, ஆரம்பி” என்றாள்.

“ஆரம்பிக்கேன்” என்று பெரியவர் எழுந்தார்.

வேலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொம்மை அவரைக் கட்டிலில் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மைக் இல்லாமல், மெஷின் இரைச்சல் இல்லாமல், மெதுவாகப் பாடினான். கதவைத் திறந்து வைத்தது யார் என்று வந்தது. ஜெனோவா கிட்டார்க் கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்து ஒலியை அடக்கினாள். அவன் மூச்சு வாங்கினான்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது தோளில் ஏதோ பையைச் சரிசெய்வது போலத் தடவினார். “வாரேன், வாரேன், சங்கரலிங்கம் வந்துட்டேன்” என்றார். பிறகு தன் மகளைப் பார்த்து, “வேலு, நீ ஏன் நிக்க? பின்னால சீட்டு கெடக்கு, போய் உக்காரு” என்றார். வேலம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் மூன்று வருடம் இருந்தார். தொம்மை என்று கூப்பிட்டாலும் சங்கரலிங்கம் என்று கூப்பிட்டாலும் ஆ என்று திரும்பினார், அந்த மூன்று வருடமும் மகளின் பெயரை ஒருநாளும் மறக்கவில்லை. மூணாம் கேட் ஒன்பது வருடம் வாசித்தது, பெங்களூரிலும் கொழும்பிலும் வாசித்தது, பதினோரு புதிய பாட்டுகள் வந்தன, ஒவ்வொன்றிலும் எங்கோ ஓர் இடத்தில் இரண்டு தட்டு காலியாக இருந்தது. நயினாருக்குத் துபாயில் வேலை கிடைத்தபோது மனஸ்தாபம் இல்லாமல் கலைந்தார்கள். மனஸ்தாபம் இல்லாமல் என்றால் பொறாமை இல்லாமல் என்று அர்த்தமில்லை.

ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையின் மிச்சம் இப்படித்தான் நடந்தது. பாட்டு முடிந்ததும் வேலம்மாள் எழுந்து வந்து தொம்மையின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாப்பிடாமல் போகக் கூடாது என்றாள். இலை போட்டாள், அவனுக்குத்தான் முதலில் போட்டாள், வெள்ளரிப் பிஞ்சை நறுக்கி மிளகாய்ப் பொடி தூவி அவன் பக்கம் தள்ளினாள். இதெல்லாம் ஆன பிறகுதான், மூலையில் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்த ஜெனோவா அவள் கண்ணில் பட்டாள்.

“நீங்க அவரு கூட வந்தவங்களா?” என்று மரியாதையாகக் கேட்டாள்.

தொம்மை வாயைத் திறந்தான். ஜெனோவா அவனுக்கு முந்திக்கொண்டாள்.

“ஆமா” என்றாள். “கூட வந்தவ.”

திரும்பி வரும் பஸ் கோவில்பட்டியைத் தாண்டியது. “எரியுது தொம்மை” என்றாள் ஜெனோவா.

“எங்க டீச்சர்?”

வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். “இந்த எடத்துல. மிளகாய்ப் பொடி இல்ல. உன்னப் பாத்துத்தான்.”

அவன் “எனக்கு இந்த எடத்துல” என்று நெஞ்சுக்குக் கீழே ஒரு விரலை வைத்துக் காட்டினான். பிறகு எழுந்து, காற்று வருகிற ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுவிட்டு இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.